மாடியில் வைஃபை திணறுகிறது: ரவுட்டரை மாற்றுவதா, கம்பெனியை மாற்றுவதா?

கேள்வி: எங்களுடையது கீழும் மேலுமாக இரண்டு தளம் உள்ள கான்கிரீட் வீடு. உள்ளூர் கேபிள்காரரிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. மகள் சென்னையில் உள்ள கம்பெனிக்கு மாடி அறையில் இருந்து வேலை செய்கிறாள். மீட்டிங் நடக்கும்போது படம் உறைந்து, குரல் துண்டு துண்டாக வருகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கீழே டிவியிலேயே வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்தால் நெட்டும் போய்விடுகிறது; திரும்பி வர மூன்று நான்கு நிமிடம் ஆகிறது. கேபிள்காரர் பகலில் வந்து, போனில் ஸ்பீடு பார்த்துவிட்டு, "லைன் நல்லா இருக்கு, ரவுட்டரை மாத்துங்க" என்கிறார். கடைக்காரர் சொன்னார் என்று ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாடி அறையில் மாட்டினேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, வேகம் மட்டும் இல்லை. நான் எதைத்தான் மாற்றுவது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்:

அன்புள்ள ஐயா,

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. மாடியில் திணறுவது ஒன்று, சாயங்காலம் இழுப்பது இன்னொன்று, கரண்ட் போகும்போது நெட் போவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. வீடுகளுக்கு நெட்வொர்க் வேலைக்குப் போகும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: கோளாறு ரவுட்டருக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தெரியும் முன்பே இரண்டாயிரம் மூவாயிரம் செலவாகிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு லேன் கேபிளும் ஒரு லேப்டாப்பும் போதும்.

மகளின் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ரவுட்டரில் நேராக லேன் கேபிளைச் சொருகுங்கள். மெல்லிய புது லேப்டாப் என்றால் லேன் துளை இருக்காது. யுஎஸ்பியில் மாட்டும் லேன் கன்வெர்ட்டர் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை. நான்கைந்து நாள் இப்படிப் பார்த்து, திரையை நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதற்காக ஒரு விஷயம். 100 எம்பிபிஎஸ் ப்ளானில் 94, 95 வந்தால் அது முழு வேகம்தான். பல ரவுட்டர்களின் லேன் துளைக்கே 100தான் உச்சம். அதில் கொஞ்சம், தகவல் பொட்டலங்களின் முகவரி போன்ற மேல்சுமைக்குப் போய்விடும். அதேபோல ஒரு ஃபைலை இறக்கும்போது விநாடிக்கு 12 எம்பி என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ப்ளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆக 100ஐ எட்டால் வகுத்தால் 12.5.

ஸ்பீடு டெஸ்ட்டை விட எனக்கு அதிகம் உதவுவது பிங். ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்று காட்டும் சோதனை அது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ping -t என்று அடித்து, பக்கத்தில் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள் (-t இல்லாவிட்டால் நான்கு பதிலோடு நின்றுவிடும்). பெரும்பாலும் அது 192.168.1.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். இன்னொரு ஜன்னலில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குக் கொடுங்கள். இதை மகள் வேலை செய்யும் மாடி அறையிலேயே, வைஃபையில் இருந்தபடி, மீட்டிங் திணறும் நேரத்தில் செய்ய வேண்டும். ரவுட்டரிடம் இருந்து பதில் ஐந்து பத்து மில்லிசெகண்டுக்குள் ஒழுங்காக வந்து, கூகுளுக்கு மட்டும் 200, 400 என்று ஏறினால், அல்லது பதிலே வராமல் போனால், சந்தேகம் வைஃபை மேல் இல்லை, லைன் மேல். ரவுட்டருக்கே 300, 500 என்று போனால் கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில். இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும்.

இனி சாயங்காலக் கதைக்கு வருவோம். உங்களையும் கேபிள்காரரையும் குழப்புவது இதுதான் என்று நினைக்கிறேன். ஏழு மணிக்கு மேல் நெட் இழுக்க இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில்தான் ஆரம்பிக்கும். தெருவில் எல்லாரும் வீடு திரும்பிப் படம் பார்க்க ஆரம்பிப்பதால், கேபிள்காரர் மேலே இருந்து மொத்தமாக வாங்கும் அலைவரிசை போதாமல் போகலாம். அதே மக்கள், அதே நேரத்தில், அவரவர் வீட்டு வைஃபையையும் பயன்படுத்துவதால் உங்கள் ஹாலுக்குள்ளேயே காற்றில் நெரிசல் ஏற்படலாம். அவர் பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் இரண்டில் எதுவுமே தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்த நேரம்தான் தப்பு.

இரவு ஒன்பது மணிக்கு லேன் கேபிளிலும் 15, 20தான் வருகிறது என்றால் நெரிசல் வெளியில். உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் தனி லைன் கிடையாது. வழக்கமான ஜிபான் முறையில் ஒரே ஒரு இழையில் விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் இறங்குகிறது; அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த இழை திணறுவது அபூர்வம். அதற்கு மேலே, கேபிள்காரர் வாங்கி வைத்திருக்கும் மொத்த இணைப்பில்தான் பெரும்பாலும் பற்றாக்குறை வரும். அதற்கு நீங்கள் பத்தாயிரம் ரூபாய் ரவுட்டர் வாங்கினாலும் பயன் இல்லை.

லேன் கேபிளில் 90க்கு மேல் வந்து, வைஃபையில் மட்டும் இழுத்தால் நெரிசல் காற்றில். பழைய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. உங்கள் தெருவில் இருபது ரவுட்டர் இருந்தால் அத்தனையும் இந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் பலவீனம். எனவே கீழே ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சாதனங்கள் எல்லாம் 5ல் இருக்கட்டும். 2.4ல் சேனலை ஆட்டோவில் விடாமல், போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு, மூன்றில் எது காலியோ அதில் நீங்களே வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பல ரவுட்டர்கள் ஆட்டோ சேனலை ஆன் ஆகும்போது மட்டுமே தேர்ந்தெடுக்கும். காலையில் காலியாக இருந்த இடம் இரவிலும் காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

டிவி ரவுட்டருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அதற்கு எதற்கு வைஃபை? ஒரு மீட்டர் லேன் கேபிள் வாங்கி டிவியின் பின்னால் சொருகிவிடுங்கள். 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் போதும். வீட்டில் அதிகம் இழுப்பது டிவிதான். அது காற்றை விட்டு இறங்கினால் போன்களுக்கும் லேப்டாப்புக்கும் இடம் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு ஆகாது, உங்களுக்கு முதலில் நான் செய்யச் சொல்வதும் இதைத்தான்.

டிவி ஸ்டாண்டை இழுத்துப் பின்னால் கை வைக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ரவுட்டருக்குள் போகிற மெல்லிய ஒயர் ஃபைபர். உள்ளே இருப்பது தலைமுடி அளவு கண்ணாடி இழை. ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் அது மடங்கி நசுங்கி இருந்தால் ஒளி அந்த வளைவில் கசிந்துவிடும். சுருட்டி வைப்பதானால் உள்ளங்கை அகல வட்டமாகத் தளர்த்திச் சுருட்டுங்கள். ரப்பர் பேண்டு, இறுக்கமான டேக் எதுவும் வேண்டாம். முனையில் இருக்கும் பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். பச்சை பிளக் பச்சைத் துளையிலும் நீலம் நீலத்திலும்தான் போக வேண்டும். பச்சையின் முனை சற்றுச் சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முனை நேரானது. மாற்றிச் சொருகினாலும் பொருந்தும், விளக்கும் எரியக்கூடும், ஆனால் ஒளியில் பெரும் பகுதி வீணாகும். கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஆப்டிகல் தகவல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். மைனஸ் 15 முதல் 25 வரை இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27ஐ நெருங்கினால் லைன் எல்லையில் நிற்கிறது என்று அர்த்தம். ஃபைபரில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. ஓர் அளவு வரை முழுசாக ஓடும், அதைத் தாண்டினால் விட்டு விட்டு அறுந்துபோகும். அப்போது எல்.ஓ.எஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னும். அடுத்த தடவை நெட் நின்றதும் ரவுட்டரை அணைக்காமல் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள். சிவப்பு மின்னினால் தப்பு ஃபைபரில், கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைஸ் மெஷினோடு வருவார்.

சரி, மாடிக்கு வருவோம். உங்கள் ரவுட்டர் டிவிக்குப் பின்னால், தரையில் இருந்து இரண்டடி உயரத்தில், ஒரு மூலையில் இருக்கிறது. டிவியின் பின்புறத் தகடு ஒரு பக்கம் மறைக்கிறது. மேலே போக வேண்டிய அலைக்கு நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 ஜிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி மேலே போகும்போது பெரும்பாலும் தேய்ந்துவிடும். மகளின் லேப்டாப் தானாகவே 2.4க்கு இறங்கிவிடும். ஒரு ஆன்டெனா உள்ள சாதனம் 2.4ல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், சாதாரணமாகப் பேசக்கூடிய உச்ச வேகமே 72 எம்பிபிஎஸ். அது ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால். கையில் கிடைப்பது அதில் பாதி, கொஞ்சம் மேலே. மாடியில் ப்ளான் வேகம் ஏன் வரவில்லை என்பதற்கு இதுவே பாதி விடை.

ரவுட்டரை ஹாலில் இருந்து மாடிப்படி பக்கம், திறந்த இடத்தில், தலை உயரத்துக்குக் கொண்டுவந்தாலே நல்ல மாற்றம் தெரியும். படிக்கட்டு வழியாக அலை ஏறுவது தளத்தைத் துளைப்பதை விடச் சுலபம். பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, ஃப்ரிட்ஜ் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃபைபரை நீங்களே வெட்டி நீட்ட முடியாது. இரு முனையிலும் பிளக் உள்ள நீளமான ஃபைபர் ஒயர் (பேட்ச் கார்டு) போடவோ ஸ்ப்ளைஸ் செய்யவோ கேபிள்காரரைத்தான் கேட்க வேண்டும். கேளுங்கள், சின்ன வேலைதான்.

எக்ஸ்டெண்டர் ஏன் ஏமாற்றியது என்றால், போனில் முழுசாகத் தெரிகிற கோடுகள் உங்கள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள சிக்னல். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. ஏற்கெனவே சிக்னல் செத்துப்போன அறையில் அதை மாட்டினால், பலவீனமானதை வாங்கிப் பலவீனமானதைத்தான் திருப்பிக் கொடுக்கும். போதாததற்கு விலை குறைந்தவை ஒரே ரேடியோவில் கேட்டுவிட்டு அதிலேயே திரும்பச் சொல்ல வேண்டும், அதனால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு, ரவுட்டரில் இருந்து மாடி அறைக்கு ஒரு கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். பழைய கேபிள் டிவி ஒயர் போன பைப் சும்மா கிடந்தால் அதிலேயே இழுத்துவிடலாம். கரண்ட் ஒயர் போகிற பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்காதீர்கள், எலக்ட்ரீஷியன் பரவாயில்லை என்று சொன்னாலும் வேண்டாம். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிளாகக் கேளுங்கள். கடையில் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்; செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைத்தால் உள்ளேயே முறியும். ஒரு ஒயர் முறிந்தால் சில சமயம் நெட் நிற்காமல் வேகம் மட்டும் இறங்கும், பிறகு அதைத் தேடுவது பெரும்பாடு.

மேலே அந்தக் கேபிளை மகளின் லேப்டாப்பிலேயே சொருகிவிட்டால் மீட்டிங்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். போன்களுக்கும் வேண்டும் என்றால் நீங்கள் வாங்கிய எக்ஸ்டெண்டரை எடுத்துப் பாருங்கள். லேன் துளை இருந்தால் பல மாடல்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் முறை, இருக்கும். கேபிளை அதில் கொடுத்து அந்த மோடுக்கு மாற்றினால் அதே பொருள் உருப்படியாக வேலை செய்யும். பழைய ரவுட்டரை மேலே வைப்பதானால் அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.1.2 போல வேறாக்கி, கேபிளை லேன் துளையில் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டரும் ஆளுக்கு ஒரு முகவரி கொடுத்துக் குழப்பும். கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு மட்டும்தான் நான் மெஷ் செட் (ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசி ஒரே நெட்வொர்க்காக இயங்கும் பெட்டிகள்) வாங்கச் சொல்வேன்.

மீட்டிங்குக்கு வேகம் அதிகம் வேண்டியதில்லை. நல்ல வீடியோ அழைப்புக்கு மேலும் கீழும் 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். வேண்டியது சீரான ஓட்டம். இரவில் எடுத்த நூறு போட்டோவை யாருடைய போனாவது காலையில் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தால், அல்லது சிசிடிவி கேமரா இடைவிடாமல் மேலே அனுப்பிக்கொண்டிருந்தால், அப்லோடு வழி அடைத்து, மகளின் குரல் வரிசையில் நிற்கும். அவள் திணறும் நேரத்தில் 8.8.8.8 பிங் 20ல் இருந்து 500க்குத் தாவுகிறதா, எல்லாப் போனிலும் பேக்கப்பை நிறுத்தியதும் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள். ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால் மகளின் லேப்டாப்புக்கு முதலிடம் கொடுங்கள். கம்பெனி நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போக வைத்திருக்கும் விபிஎன் இணைப்பைப் போட்டால் மட்டும் திணறுகிறது, அணைத்தால் சரியாகிறது என்றால் அவள் தன் ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

இன்வெர்ட்டர் பிரச்சினை எளிது. கரண்டில் இருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து, மறுபடி முதலில் இருந்து கிளம்புகிறது. கிளம்பி, ஃபைபரில் பதிவாகி, யூசர்நேம் கொடுத்து உள்ளே போக மூன்று நான்கு நிமிடம் ஆகத்தான் செய்யும். உங்கள் இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டருக்காக வைத்திருப்பது அது. அதில் மாற்றம் வேகமாக நடக்கும். அப்படியும் அணைந்தால் ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் எழுதிய வோல்டேஜ் அப்படியே இருக்க வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, கரண்ட் போகாமலே ரவுட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுவது, இரண்டும் இருந்தால் மாற்ற வேண்டியது அடாப்டரைத்தான். கரண்ட் போன நேரத்தில் ரவுட்டர் அணையாமலே நெட் மட்டும் போனால், கேபிள்காரர் பக்கத்துக் கருவிக்குக் கரண்ட் இல்லாமல் இருக்கலாம். அதை அவர்தான் சரி செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டரின் பின்னால் குண்டூசி நுழையும் ரீசெட் துளை இருக்கும். அதை அழுத்த வேண்டாம். அணைத்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. அது கேபிள்காரர் போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்ட், லைன் அமைப்பு எல்லாவற்றையும் அழித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைச் செய்துவிட்டு, திங்கட்கிழமை நெட் இல்லாமல் வேலை கெட்டுத் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இரவு ஒன்பது மணிக் கேபிள் சோதனையில் தோற்றது லைன்தான் என்று தெரிந்தால், வாயால் சொல்வதோடு நிற்காமல் இணைப்புக் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து புகார் எண் வாங்குங்கள். ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி புகார் மையம் முதல் படி, தீர்வு பிடிக்கவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி இரண்டாவது படி. புகார் எண்ணும் நேரத்தோடு எடுத்த படங்களும் இருந்தால் பேச்சு சுருங்கிவிடும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் கம்பெனியை மாற்றலாம். மாற்றும் முன், நீங்கள் போக நினைக்கும் கம்பெனியின் லைன் உங்கள் தெருவில் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களிடம் இரவு ஒன்பது மணிக்கு எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மாதம் மட்டும் மாதக் கட்டணமே கட்டுங்கள். புது லைன் எப்படி என்று தெரியும் வரை, மகளின் வேலையை உத்தேசித்து, பழைய லைனை வெட்டாமல் வையுங்கள்.